ஒரு கிலோ நண்டின் மரியாதை

பழவேற்காட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் காட்டூர்ப் பக்கம் விடிகாலையில் நண்டு வாங்கப் போகிற வெளியூர்க்காரர்கள் நண்டின் முதுகைப் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். கொடுக்கு எவ்வளவு பெரிது, ஓடு எவ்வளவு அகலம் என்பதில்தான் அவர்கள் கண் இருக்கும். பழகியவர் அப்படிப் பார்க்கமாட்டார். நண்டைப் புரட்டி, வயிற்றுப் பக்கம் காலின் அடியில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். ஓடு அமுங்கினால் உள்ளே தண்ணீர். அமுங்காமல் நின்றால் சதை. அண்மையில் ஓடு கழற்றிய நண்டு வெளிப்பார்வைக்குப் பெரிதாகவே தெரியும். புது ஓட்டுக்குள் உடம்பு வளர்ந்து நிரம்ப நாளாகும், அதுவரை அந்த நண்டுக்கு எடையும் கிடையாது, ருசியும் கிடையாது. அமாவாசை நண்டு சதைப்பிடிப்பு, பௌர்ணமி நண்டு பொக்கு என்று நம் கடற்கரை முழுக்கச் சொல்வதற்குப் பின்னாலும் இந்த ஓடு கழற்றும் கணக்குதான் இருக்கிறது என்பார்கள்.

விரல் அழுத்திய பிறகு தரம் பிரிப்பார்கள். பெரியது, இரண்டு கொடுக்கும் முழுசாக இருப்பது, உயிரோட்டம் உள்ளது எல்லாம் ஒரு கூடைக்குப் போகும். கொடுக்குகள் கயிற்றால் கட்டப்பட்டு, ஈரச் சாக்குக்கு அடியில் அடுக்கப்பட்டு, ஏற்றுமதிக் கம்பெனிக்காரரின் வண்டியில் ஏறிச் சென்னைக்குப் போகும். அங்கிருந்து விமானம். கால் போனது, சின்னது, தண்ணீர் கட்டியது எல்லாம் உள்ளூர்ச் சந்தைக்கும் வீட்டுச் சட்டிக்கும். நல்ல நண்டு எந்த ஊரில், யார் தட்டில் போய் விழுகிறது என்று பிடித்தவருக்குத் தெரியாது. தின்றவருக்கும் அது எந்த ஏரியில் வளர்ந்தது என்று தெரியாது.

இந்தக் கட்டைவிரல் சோதனையை ஒரு பெரிய கலையாகவே மதித்து, அதன்மேல் உலகப் புகழ் பெற்ற ஓர் உணவகத்தை எழுப்பியிருக்கிறார்கள், கொழும்பில். மினிஸ்ட்ரி ஆஃப் கிராப் என்று பெயர். 2011 டிசம்பரில் திறந்தது. ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் 2015 முதல் பல ஆண்டுகள் இடம்பிடித்தது. இலங்கைப் பயணத்தில் அங்கே ஒரு இரவு சாப்பிடும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பழவேற்காட்டுக் கரையில் நண்டு எடை போடுவதைப் பார்த்துப் பழகிய ஒருவருக்கு அந்த இரவு வெறும் சாப்பாட்டோடு முடிந்துவிடாது.

உணவகம் இருப்பது கொழும்புக் கோட்டைப் பகுதியில், பழைய டச்சு மருத்துவமனைக் கட்டடத்தில். கோட்டைப் பகுதியில் இன்று எஞ்சியிருக்கும் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான் என்பார்கள். தடித்த சுவர்கள், தேக்கு உத்தரங்கள், நடுவே முற்றங்கள், முற்றத்தைச் சுற்றி நீண்ட தாழ்வாரங்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாலுமிகளுக்கும் ஊழியர்களுக்கும் வைத்தியம் பார்ப்பதற்காக 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. பக்கத்திலேயே மத்திய வங்கி. 1996 ஜனவரி 31 அன்று அந்த வங்கியின்மேல் நடந்த குண்டுத் தாக்குதலில் இந்தக் கட்டடமும் சேதப்பட்டது. பிறகு பழுது பார்த்து, 2011-இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்துவிட்டார்கள்.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு அந்தக் கம்பெனி அந்நியம் இல்லை. டச்சுக்காரர்கள் கொழும்பைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தது 1656-இல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பே, 1613-இல், பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டிவிட்டார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் பழவேற்காடுதான். இங்கே நெய்த துணி கிழக்குத் தீவுகளுக்குப் போய் மிளகும் ஜாதிக்காயும் கிராம்புமாக மாறியது. துணியோடு மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி அந்தத் தீவுகளில் இருந்த பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். கோட்டை இருந்த இடத்தில் மேடும் புதரும் அகழித் தடமும்தான் மிச்சம். ஒரே கம்பெனி கட்டிய இரண்டில் ஒன்று ஆசியாவின் பேர்பெற்ற சாப்பாட்டு மேசையைத் தாங்குகிறது, மற்றொன்று முள்காடாகக் கிடக்கிறது. கட்டடத்தைக் காப்பாற்றுவது நாட்டு நிர்வாகத்தின் வேலை, அதில் பழவேற்காட்டு மக்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கொழும்பில் அந்தத் தாழ்வாரத்தில் நிற்கும்போது இந்த எண்ணம் வராமல் இருக்கவில்லை.

உணவகத்தின் மூளை தர்ஷன் முனிதாச. டோக்கியோவில் பிறந்தவர், தாய் ஜப்பானியர், தந்தை இலங்கையர். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டுச் சமையலுக்கு வந்தவர். 1995-இல் கொழும்பில் நிஹோன்பஷி என்ற ஜப்பானிய உணவகத்தைத் தொடங்கினார். நண்டுக் கடைக்குக் கூட்டாளிகளாகச் சேர்ந்தவர்கள் நமக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு பேர்: மகேல ஜெயவர்தன, குமார் சங்கக்கார. கிரிக்கெட் பெயர்கள்தான் ஆரம்பத்தில் கூட்டத்தை உள்ளே இழுத்திருக்கும். ஆனால் இத்தனை ஆண்டுகள் நிற்க வைத்தது நண்டு.

முனிதாசவின் யோசனை மிக எளிமையானது. சிங்கப்பூரில் பெரிய உணவகங்களில் 'இலங்கை நண்டு' என்றாலே தனி மதிப்பு. அங்கே மிளகாய் நண்டுக்கும் கருமிளகு நண்டுக்கும் தேடுவது அந்தப் பெரிய கொடுக்குகளைத்தான். நீர்கொழும்பு, புத்தளம், மட்டக்களப்பு என்று இலங்கைக் களப்புகளில் பிடித்த நண்டுகளில் தேர்ந்தெடுத்தவை எல்லாம் விமானம் ஏறிவிடும். உள்ளூரில் கிடைப்பது கழித்துப் போட்டது. தன் நாட்டின் மிகச் சிறந்த நண்டைத் தன் நாட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை என்ற இந்த நிலையை அவர் திருப்பிப் போட நினைத்தார். ஏற்றுமதித் தரத்து நண்டைக் கொழும்பிலேயே நிறுத்தி, வேண்டுமானால் உலகம் இங்கே வந்து சாப்பிடட்டும் என்றார். உலகம் வந்தது.

உள்ளே போனால் ஒரு பலகை கண்ணில் படும். அன்றைக்கு எந்த எடையில் நண்டு இருக்கிறது, எது தீர்ந்துவிட்டது என்று அதில் எழுதியிருப்பார்கள். அரைக் கிலோவில் தொடங்கி இரண்டு கிலோ வரை ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பெயர். ஜம்போ, கொலாசல், ஓஎம்ஜி, உச்சியில் இரண்டு கிலோ கிராப்ஸில்லா. அரைக் கிலோவுக்குக் குறைந்த நண்டு அங்கே மேசைக்கு வராது. உறைபெட்டி வைத்துக்கொள்வதில்லை என்பதை ஒரு கொள்கையாகவே சொல்கிறார்கள். அன்று வந்த நண்டு அன்றைக்கு. வராவிட்டால் இல்லை.

நான் கேட்டது ஒரு கிலோ அளவு, மிளகு நண்டு. அதன் குழம்பில் இலங்கை மிளகைக் கையால் இடித்துச் சேர்க்கிறார்கள். அடியில் இருப்பது மிளகு ஊறிய ஜப்பானிய தாஷிச் சாறு. மாவு கரைத்துக் கெட்டியாக்கிய சேறு போன்ற குழம்பு கிடையாது. முதல் வாயில் காரம் தெரியவில்லை, மணம்தான் தெரிந்தது. காரம் பிறகு, தொண்டையில், மெதுவாக வந்தது. நண்டின் சதை இனிப்பாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வோம்; அந்த இனிப்பை மறைக்காமல் விடுகிற சமையலை நான் அதிகம் பார்த்ததில்லை. நம் வீடுகளில் வெங்காயம், தக்காளி, மல்லித்தூள், தேங்காய் என்று குழம்பு கட்டி, நண்டை அதற்கு ஒரு சாக்காக ஆக்கிவிடுகிறோம். அந்தக் குழம்பு எனக்கு உயிர். ஆனாலும் கிலோ எடை நண்டுக்கு அவ்வளவு மசாலா தேவையில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பக்கத்து மேசையில் பூண்டு மிளகாய் நண்டு. ஆலிவ் எண்ணெய், உள்ளூர் மிளகாய்த் துணுக்கு, பூண்டு, ஜப்பானிய சோயா சாறு. தொட்டுக்கொள்ள விறகடுப்பில் சுட்ட கடைப் பாண். ஆலிவ் எண்ணெயும் சோயாவும் நண்டோடு ஒட்டுமா என்று கேட்பவர்களுக்கு அந்த மேசையில் காலியாகிக்கொண்டிருந்த தட்டே பதில். கழுத்தில் துணி கட்டிவிடுகிறார்கள், ஓடு உடைக்க இடுக்கி தருகிறார்கள், மீதி எல்லாம் கையால்தான். இவ்வளவு விலையுள்ள ஓர் உணவகத்தில் வெள்ளைக்காரர், சீனர், கொழும்புப் பணக்காரர் என்று எல்லோரும் முழங்கை வரை குழம்பு வழிய உட்கார்ந்திருப்பது மனதுக்கு இதமாக இருந்தது. அங்கே கரண்டிக்கும் முள்கரண்டிக்கும் வேலையே இல்லை.

கொடுத்த பணம் பெரிது. இரண்டு பேர் ஒரு இரவு அங்கே சாப்பிடும் தொகை, பழவேற்காட்டு ஏரியில் வலை போடும் ஒரு குடும்பத்துக்குப் பல நாள் வருமானம். இதைச் சொல்லி அந்த உணவகத்தைக் குறை கூற எனக்கு விருப்பமில்லை. அங்கே விலையை நியாயப்படுத்துவது நண்டின் எடையும் அது அன்றைக்கு வந்த புது நண்டு என்பதும்தான். மேசை விரிப்போ சரவிளக்கோ அல்ல. நண்டை எடை சொல்லி, தரம் சொல்லி, ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கொடுக்கிறார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் அந்த மரியாதை ஏன் நம் பக்கத்துக் கரைக்கு வரவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

மீஞ்சூரிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் வழியில் காட்டூர். ஒரு பக்கம் ஏரிப் பாசனமும் நெல் வயலும், கிழக்கே போனால் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். வடக்கே போகப் போகக் கழி விரிந்து பழவேற்காடு ஏரியாகிறது. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி தமிழ்நாட்டில். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. ஆரணியாறும் காலங்கியும் சுவர்ணமுகியும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் ஏறி இறங்குகிறது. இந்த இரண்டு தண்ணீரும் கலக்கும் விகிதத்தில்தான் இங்கே இறாலும் மடவையும் கொடுவாவும் நண்டும் பிழைக்கின்றன.

நண்டு விஷயத்தில் முகத்துவாரம் எவ்வளவு முக்கியம் என்பது பலருக்குத் தெரியாது. சேற்று நண்டு வளர்வது ஏரியில், உப்பங்கழியில், அலையாத்தி வேர்களுக்கு அடியில். இணை சேர்வதும் அங்கேதான். ஆனால் சினை முற்றிய பெட்டை, முட்டை பொரிக்கக் கடலுக்குப் போகிறது. ஒரு பெட்டையின் வயிற்றடியில் பல லட்சம் முட்டைகள். பொரிந்து வரும் குஞ்சுகள் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறியவை. கடலின் உப்பில் மட்டுமே அவை உயிர்வாழும். அலையோடு மிதந்தபடியே ஐந்து முறை சட்டை உரித்து, பிறகு நண்டும் இறாலும் சேர்ந்த ஓர் உருவம் எடுத்து, மூன்று நான்கு வாரம் கழித்துக் கரையைத் தேடி வரும். அப்போது முகத்துவாரம் திறந்திருந்தால் ஏரிக்குள் நுழைந்து அடியில் ஒட்டி, குட்டி நண்டாகும். மணல் அடைத்திருந்தால், போக வேண்டிய தாய் போக முடியாது. வர வேண்டிய பிள்ளை வர முடியாது.

பழவேற்காடு, முகத்துவாரம் அடைபடுகிற ஊர். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் உடைத்துக்கொண்டு போகும். மழை ஓய்ந்ததும் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டும். கோடையில் வாய் குறுகி, சில ஆண்டுகளில் முழுக்க மூடி, ஏரித் தண்ணீர் வெயிலில் வற்றி, உப்பு கடலைவிட ஏறிவிடும். மீனவர்களே கையில் மண்வெட்டி எடுத்தும், காசு பிரித்து இயந்திரம் வைத்தும் வாயைத் திறந்த ஆண்டுகள் உண்டு. நிரந்தரமாகத் திறந்து வைக்க இருபுறமும் கற்சுவர் எழுப்பும் வேலை பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகே அரசின் கைக்கு வந்தது. எந்த நாட்டில் எவ்வளவு பேர்பெற்ற சமையல்காரர் நண்டைச் சமைத்தாலும், அவருடைய அடுப்புக்கு முதல் விறகு இப்படி ஏதோ ஒரு முகத்துவாரத்தில்தான் கிடைக்கிறது. இதை மேசையில் உட்கார்ந்திருக்கும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நானும் காட்டூர்ப் பக்கம் பழகியிருக்காவிட்டால் நினைத்திருக்கமாட்டேன்.

ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை போடலாம் என்பதற்கு இங்கே ஒரு பழைய ஏற்பாடு உண்டு. 'பாடு' என்பார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய இறால் வளம் மிகுந்த இடங்களில், பாட்டுரிமை உள்ள மீனவ ஊர்கள் முறை வைத்துக்கொண்டு இறங்கும். இன்று ஓர் ஊர், நாளை இன்னோர் ஊர். ஊருக்குள் குடும்பங்களுக்கும் சீட்டு. ஒருவரே தினமும் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. வளத்தைப் பகிர்வதில் இப்படி ஒரு நுணுக்கம் தலைமுறைகளாக நடப்பதை ஆராய்ச்சியாளர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து பதிவு செய்திருக்கிறார்கள். பாடு எல்லோருக்கும் கிடையாது என்பதும் உண்மை. உரிமை இல்லாத சாதியினர், ஏரிக்குப் பின்னாளில் வந்து சேர்ந்தவர்கள் ஓரங்களில்தான் பிழைக்க வேண்டும்.

அந்த ஓரத்தில் இருப்பவர்கள் இருளர்கள். ஏரியில் வலையே இல்லாமல் பிடிக்கிறவர்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் எடுப்பார்கள். ஓலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. தடவிய இறாலை எடுத்துப் பறிக்குள் போட்டபடி நகர்ந்துகொண்டே இருப்பார்கள். வளைக்குள் பதுங்கிய நண்டை வெளியே எடுக்கவும் அவர்களுக்குத் தெரியும். வளையின் வாயைப் பார்த்தே உள்ளே ஆள் இருக்கிறதா, எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடுவார்கள். கொடுக்கு ஒன்று விரலைப் பிடித்தால் எலும்பு நொறுங்கும். உறைபெட்டி இல்லாமல், அன்றைக்குப் பிடித்ததை அன்றைக்கே விற்றுச் சமைக்கிற வாழ்க்கை இது. கொழும்பு உணவகம் பெருமையாகச் சொல்கிற கொள்கை இவர்களுக்குத் தினசரி நடப்பு. ஆனால் இவர்கள் கையிலிருந்து முதல் வியாபாரிக்குப் போகும்போது கிடைக்கும் விலைதான் அந்த நண்டின் பயணத்தில் மிகக் குறைந்த விலை.

உயிர் நண்டு ஏற்றுமதி இந்தக் கரையின் வரவு செலவையே மாற்றிய தொழில். ஈரம் காயாமல் வைத்தால் சேற்று நண்டு தண்ணீருக்கு வெளியே நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் அதை விமானத்தில் ஏற்ற முடிகிறது. சிங்கப்பூர், மலேசியா, சீனா என்று போகும். எங்கோ ஒரு மேசையில் நாற்காலி காலியானால் இங்கே விலை விழும். 2020 ஜனவரி கடைசியில் கொரோனாவால் சீனா நண்டு வாங்குவதை நிறுத்தியபோது, நோய் இந்தியாவில் பரவுவதற்கு முன்பே இந்தியக் கடற்கரை முழுக்க நண்டு விலை சரிந்தது. சீனப் புத்தாண்டுக்காகச் சேர்த்து வைத்த நண்டுகளை வாங்க ஆளில்லை. வெளிநாட்டு மேசையை மட்டும் நம்பி நிற்கும் தொழிலின் ஆபத்து அந்தச் சில வாரங்களில் தெரிந்தது. கொழும்புக்காரர்களும் அடி வாங்காதவர்கள் இல்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, பெருந்தொற்று, 2022 பொருளாதார நெருக்கடி என்று பயணிகள் வராத ஆண்டுகளை அந்த நகரத்தின் உணவகங்கள் எல்லாம் தாண்டி வந்திருக்கின்றன.

பெயர் என்ற ஒன்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். சிங்கப்பூரில் 1950-களில் செர் யாம் தியான் என்ற பெண்மணி தள்ளுவண்டியில் தக்காளிச் சாறும் மிளகாயும் சேர்த்து நண்டு வதக்கி விற்கத் தொடங்கினார். இன்று அது அந்த நாட்டின் அடையாளச் சாப்பாடு. இலங்கை தன் நண்டுக்குத் தன் பெயரையே பட்டம் ஆக்கிவிட்டது. பழவேற்காட்டு நண்டுக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. சென்னையிலேயே எத்தனை உணவகங்களின் பட்டியலில் 'பழவேற்காடு நண்டு' என்று எழுதியிருக்கிறது? ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தொலைவுதான். காஞ்சிபுரம் பட்டுக்கும் மதுரை மல்லிக்கும் ஊர்ப் பெயர் சொல்லி விலை வாங்கத் தெரிந்த மாநிலம் இது.

ஏழைகளின் சாப்பாடு பெரிய மேசைக்கு ஏறாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. திண்டுக்கல் அருகே நத்தத்தைச் சேர்ந்த விஜய் குமார் நியூயார்க்கில் 'செம்ம' உணவகத்தில் நத்தைப் பிரட்டல் பரிமாறுகிறார். வயல் வரப்பில் பொறுக்கிய நத்தை. சிறுவயதில் வீட்டில் சாப்பிட்டதை வெளியில் சொல்லக் கூசிய ஒரு சாப்பாட்டை அவர் தலை நிமிர்ந்து தட்டில் வைத்தார். 2022-இல் மிஷ்லின் நட்சத்திரம் வந்தது. 2025-இல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையல்காரருக்கான ஜேம்ஸ் பியர்ட் விருதும் வந்தது. சிங்கப்பூரில், பினாங்கில் பிறந்த தமிழரான மனோ தேவரின் 'தேவர்' உணவகம் இரண்டு மிஷ்லின் நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. நம் சமையல் எந்த உயரத்துக்கும் ஏறும். ஏறும்போது அந்தப் பொருளைச் சேற்றிலிருந்து எடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் நான் கேட்பது.

ஏரி இருந்தால்தான் இந்தப் பேச்சுக்கே இடம். தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்களின் சாம்பல். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். 2010-இல் மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை. அதற்குப் பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். 2018-இல் அது அதானி குழுமத்தின் கைக்கு வந்து, பலமடங்கு விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. கடலுக்கும் கழிக்கும் நடுவே இருக்கும் மெல்லிய மணல் திட்டில் கல் கொட்டினால், வடக்கே கரை அரிக்கும், முகத்துவாரத்தின் போக்கும் கெடும் என்று பழவேற்காட்டு மீனவர்கள் திரும்பத் திரும்பப் போராடி வருகிறார்கள். லைட் ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம், காளஞ்சி, கருங்காலி என்று ஊர் ஊராகத் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏறும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்ற தடை வேறு. நாடு கைதட்டும் நாளில் இவர்களுக்குத் தொழில் இல்லை. இத்தனைக்கும் நடுவில் ஒரு கிலோ எடையில், இரண்டு கொடுக்கும் சேதமில்லாத ஒரு நண்டு வலையில் வருகிறது என்றால், அது சாதாரண வரவு கிடையாது.

செய்யக்கூடியவை உண்டு. சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீருயிரி வளர்ப்பு மையம் சேற்று நண்டுக் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறது. கடலின் உப்பும் வெப்பமும் தொட்டிக்குள் உண்டாக்கி, அந்த ஐந்து பருவத்தையும் கடக்க வைத்துக் குட்டி நண்டாக்கித் தருகிறார்கள். அந்தத் தொழில்நுட்பத்துக்குக் காப்புரிமையும் பெற்றிருக்கிறார்கள். தண்ணீர் நண்டைக் குறைந்த விலைக்கு விற்றுவிடாமல், கூண்டிலோ குளத்திலோ சில வாரம் வைத்துத் தீனி போட்டால் சதை நிறையும்; விலை பலமடங்கு ஏறும். இதற்குப் பெரிய முதல் வேண்டாம். கூண்டும் தீனியும் சந்தையும் வேண்டும். இருளர் பெண்கள் குழுவாகச் சேர்ந்து இதை நடத்தினால் முதல் கை விலையே உயரும். இவற்றோடு ஒரு மேசையும் வேண்டும் என்பேன். பழவேற்காட்டிலேயே, ஏரியைப் பார்த்தபடி, எடையும் ஊரும் எழுதிய பலகையோடு, மீனவர் கூட்டுறவே நடத்தும் ஓர் உணவகம். சரவிளக்கு வேண்டாம். நல்ல அடுப்பும், சுத்தமான தண்ணீரும், நண்டு வராத நாளில் 'இன்று இல்லை' என்று எழுதும் துணிவும் போதும். சென்னையிலிருந்து ஞாயிறுதோறும் படகு சவாரிக்கும் வறுத்த மீனுக்கும் வருகிற கூட்டம் ஏற்கனவே இருக்கிறது.

அந்த மேசை வரும்வரை, பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் விடிகாலையில் போங்கள். வெயில் ஏறினால் நல்லது எல்லாம் வண்டி ஏறியிருக்கும். முதுகைப் பார்க்காமல் வயிற்றை அழுத்திப் பாருங்கள். கால்கள் துடிப்பாக இருக்க வேண்டும், கொடுக்கு கயிற்றை இழுக்க வேண்டும். சினை நிறைந்த பெட்டைக்கு ஆசைப்படாதீர்கள். அந்த ஆரஞ்சு நிறச் சினைக்குச் சந்தையில் கிராக்கி அதிகம், அதனாலேயே கடலுக்குப் போக வேண்டிய பெட்டைகள் போகாமல் நிற்கின்றன. வயிற்று மூடி முக்கோணமாகக் குறுகியிருந்தால் கடுவன், அகன்று வட்டமாக இருந்தால் பெட்டை. கடுவனாக, அரைக் கிலோவுக்கு மேல் ஒன்று வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் மிளகைத் தூளாக்காமல் உரலில் ஒன்றிரண்டாக இடித்து, நல்லெண்ணெயில் பூண்டும் கறிவேப்பிலையும் தாளித்து, உடைத்த கொடுக்கைப் போட்டு ஒரு புரட்டு புரட்டி, கால்களை இடித்து எடுத்த சாற்றை ஊற்றி மூடி வையுங்கள். ஓடு சிவந்ததும் மிளகைத் தூவி இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் நெருப்பில் இருந்தால் சதை நாராகிவிடும்.